ஊர் பேரை வாடகைக்கு விடும் லீக்

எங்க பக்கம் 'சீசன்' என்றால் ஒரே அர்த்தம்தான். ஜூன் பிறந்தால் செங்கோட்டையிலிருந்து தென்காசி வரைக்கும் அத்தனை பேரும் மலையைப் பார்த்துக்கொண்டு "சீசன் ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்பார்கள். சாரல் விழுந்தால் சீசன், விழாவிட்டால் இல்லை.

சில வருஷமாக அதே ஜூன், ஜூலையில் இன்னொரு சீசனும் நடக்கிறது. தமிழ்நாடு பிரீமியர் லீக், சுருக்கமாக டிஎன்பிஎல். இரண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு மக்களே. குற்றாலத்து அருவியை எந்தக் கொம்பனாலும் பெயர்த்துக்கொண்டு போய் சேலத்தில் வைக்க முடியாது. டிஎன்பிஎல்லில் அது முடியும். ஏற்கெனவே நடந்தும் இருக்கிறது.

நம்பாதவர்களுக்குக் கணக்கு இதோ. 2016இல் லீக் ஆரம்பித்தபோது முதல் கோப்பையை வாங்கியது தூத்துக்குடி பேரில் ஆடிய டூட்டி பேட்ரியாட்ஸ். இறுதி ஆட்டத்தில் சேப்பாக் அணியை 122 ரன் வித்தியாசத்தில் துவைத்து எடுத்தார்கள். அந்த முதல் சாம்பியன் இப்போ எங்கே? சேலம் ஸ்பார்டன்ஸ் ஆகிவிட்டது. காரைக்குடி காளை எங்கே? திருப்பூர் தமிழன்ஸ். திருவள்ளூர் வீரன்ஸ் என்று ஒரு அணி இருந்ததே? அது முதலில் காஞ்சி வீரன்ஸ் ஆச்சு. அப்புறம் அதுவே நெல்லை ராயல் கிங்ஸ் ஆச்சு. ஆமாம் அண்ணாச்சி, நாம 'நம்ம டீம், நம்ம டீம்' என்று தொண்டை கிழியக் கத்துகிறோமே, அதே நெல்லைதான்.

2025இல் திருப்பூர் கோப்பை வாங்கியது. ரொம்ப சந்தோஷம். ஆனால் 2016இலிருந்து அந்த அணியைத் தலையில் தூக்கி வைத்து ஆடிய காரைக்குடிக்காரன் அன்னைக்கு சிரிக்கணுமா, அழணுமா? அவனிடம் எவனாவது கேட்டானா?

அணி கைமாறுவது, ஸ்பான்சர் மாறுவது எல்லாம் எனக்கும் புரிகிறது. காசு போடுகிறவனுக்குக் கஷ்டம் இருக்கும். ஆனால் ஊர் பேர் என்பது சட்டையில் ஒட்டுகிற ஸ்டிக்கரா? ஒரு ஊர் பேரைப் போட்டு, அந்த ஊர் மக்களைக் கத்த வைத்து, பிறகு ஒரு நாள் ஸ்டிக்கரை உரித்து இன்னொன்றை ஒட்டினால் அதற்குப் பேர் மாவட்ட கிரிக்கெட் வளர்ச்சி இல்லை. ஊர் பேரை வாடகைக்கு எடுப்பது.

இப்போ 2023 சீசனை எடுத்துக்கொள்வோம். நெல்லைக்கு அது நல்ல வருஷம். அஜிதேஷ் குருசாமி கோவைக்கு எதிராக சதம் அடித்தார். அருண் கார்த்திக் தலைமையில் அணி முதல் நான்குக்குள் வந்து, பிளே ஆஃபில் மதுரையையும் திண்டுக்கல்லையும் தாண்டி, இறுதி ஆட்டத்துக்குப் போனது. அந்த இறுதி ஆட்டம் ஜூலை 12 அன்று நம்ம சங்கர் நகர் இந்தியா சிமெண்ட்ஸ் மைதானத்திலேயே நடந்தது. கோவை 205 அடித்தது, நெல்லை 101க்குச் சுருண்டது. 104 ரன் தோல்வி! தோற்றது பிரச்சினை இல்லை. ஆட்டம் என்றால் தோற்கத்தான் செய்யும்.

பிரச்சினை வேறே. அந்த வருஷம் மொத்தம் எட்டு அணிகள். ஆடிய இடங்கள் எத்தனை? நாலு. கோயம்புத்தூர், திண்டுக்கல் பக்கம் நத்தம், சேலம், திருநெல்வேலி. அப்போ சென்னை, மதுரை, திருச்சி, திருப்பூர் பேரில் ஆடிய நாலு அணிகளும் தங்கள் சொந்த ஊரில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஒன்றுகூட! மதுரை பேரைச் சட்டையில் போட்டவர்களை மதுரைக்காரன் டிவியில்தான் பார்க்க முடிந்தது.

அந்தக் காலத்தில் நாடகக் கம்பெனிகள் ஒரு ஊரில் முகாம் போட்டு, பத்து நாள் ஆடி, மூட்டை கட்டி அடுத்த ஊருக்குப் போவார்களே, அதே முறைதான் இது. எட்டு அணியும் சேர்ந்து கோவையில் முகாம், அப்புறம் நத்தத்தில் முகாம். லீக் சுற்றில் ஒரு அணி இன்னொரு அணியோடு ஒரே ஒரு தடவைதான் மோதும். 'நீ என் ஊருக்கு வா, அப்புறம் நான் உன் ஊருக்கு வரேன்' என்பதே கிடையாது. அந்த வரவு போக்கு இல்லாத இடத்தில் ஊர்ப்பாசம் எங்கிருந்து முளைக்கும்?

"ஏலே, ஐபிஎல்லும் ஏலம்தானே, அங்கே மட்டும் என்ன வாழுது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஐபிஎல்லில் வழக்கமான வருஷத்தில் ஒவ்வொரு அணியும் ஏழு ஆட்டம் உள்ளூரில் ஆடுகிறது. தோனி ராஞ்சிக்காரர்தான். வருஷா வருஷம் சேப்பாக்கத்தில் வந்து நின்று நின்று சென்னைக்காரர் ஆனார். டிஎன்பிஎல்லில் 2023இல் முதல் தடவையாக ஏலம் வந்தது. சாய் சுதர்சனை 21.60 லட்சத்துக்குக் கோவை எடுத்தது. ஆக ஐபிஎல்லிடமிருந்து ஏலத்தை எடுத்துக்கொண்டார்கள், உள்ளூர் ஆட்டத்தை விட்டுவிட்டார்கள். வாங்கின சரக்கில் காரம் மட்டும் வந்திருக்கிறது, ருசி வரலை :-)

இன்னொரு வாதமும் வரும். நடராஜனைக் கொடுத்தது இந்த லீக்தானே? கொடுத்தது, மறுக்கவே இல்லை. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டிப் பையன், 2016இல் திண்டுக்கல் அணிக்கு யார்க்கர் போட்டு, அடுத்த வருஷமே 3 கோடிக்கு பஞ்சாப் போனார். 2018இல் மதுரை கோப்பை வாங்கியபோது ஆடிய வருண் சக்கரவர்த்திக்கு அந்த வருஷக் கடைசியில் 8.40 கோடி கிடைத்தது. பையன்களுக்குக் கதவு திறந்துவிட்ட விஷயத்தில் லீக்குக்கு ஒரு கும்பிடு. ஆனால் அது கடை வாசலில் இருக்கிற கண்ணாடி அலமாரி வேலை. பம்பாய்க்காரன் வந்து பார்த்து வாங்கிப் போக சரக்கை அடுக்கி வைப்பது. அலமாரிதான் வேண்டும் என்றால் அணிகளுக்கு ஏ, பி, சி என்று பேர் வைத்துவிட்டுப் போகலாமே? எங்க ஊர் பேர் எதுக்கு?

வேறே மாதிரி நடத்த முடியுமா என்றால், முடியும். ஆஸ்திரேலியாவில் அவர்களுக்கென்றே ஒரு ஃபுட்பால் உண்டு. நீள்வட்ட மைதானம், பக்கத்துக்கு 18 பேர், கையாலும் குத்தலாம், காலாலும் உதைக்கலாம். பெரிய லீக்கை விடுங்கள். விக்டோரியா மாநிலத்தின் சின்னச் சின்ன ஊர்களுக்கென்று தனித்தனி வட்டார லீக்குகள் இருக்கின்றன. பெண்டிகோ லீக் 1880இல் தொடங்கியது. அங்கே சனிக்கிழமை ஆனால் ஒரு வாரம் நம்ம ஊரில், மறு வாரம் அவங்க ஊரில். அதே கிளப்பில் பெண்களுக்கு நெட்பால் அணியும் இருக்கும். டிக்கெட் கிழிப்பதிலிருந்து டீ போடுவது வரைக்கும் பெரும்பாலும் ஊர்க்காரர்கள் சம்பளம் இல்லாமல் செய்கிற வேலை. ஜனத்தொகை குறைந்து இரண்டு ஊர் கிளப்பை இணைக்க வேண்டி வந்தால், பல இடத்தில் இரண்டு ஊர் பேரையும் சேர்த்தே வைக்கிறார்கள்.

அங்கேயும் பணத்தைக் காட்டி வெளியாளை இறக்குகிற வியாதி வந்தது. அதற்கு 2016இல் விக்டோரியாவில் ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஒரு புள்ளி கணக்கு. சொந்தக் கிளப்பில் வளர்ந்தவன் என்றால் 1. பெரிய லீக்கில் ஆடிவிட்டு இறங்கி வருகிறவனுக்கு அதைப்போலப் பல மடங்கு. ஒரு அணியின் மொத்தப் புள்ளிக்கு ஒரு வரம்பு. வெளியாளை எடுக்கக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. ஆனால் எடுத்தால் உள்ளூர்ப் பையன்களும் கூடவே ஆடியாக வேண்டும். நம்ம டிஎன்பிஎல் பிறந்ததும் அதே 2016தான். ஒரே வருஷத்தில் அவன் ஊரைக் காப்பாற்ற விதி போட்டான், நாம ஊர் பேரை விற்கக் கடை போட்டோம்.

அவ்வளவு தூரம் எதுக்கு? நம்ம பக்கம் பொங்கலுக்கும் கொடைக்கும் நடக்கிற கபடி, டென்னிஸ் பால் போட்டி நோட்டீஸைப் பாருங்கள். 'ஒரு ஊருக்கு ஒரு அணி', 'வெளியூர் ஆட்டக்காரர் அனுமதி இல்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். மேனேஜ்மென்ட் படித்தவன் எழுதினது இல்லை. சுழற்கோப்பை எந்த ஊருக்குப் போகுது என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது என்று டீக்கடைக்காரருக்குத் தெரியும்.

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. பிறகு திருநெல்வேலி மாவட்டம். 2019 நவம்பரிலிருந்து தென்காசி மாவட்டம். மாநிலம் மாறியாச்சு, மாவட்டம் மாறியாச்சு, ஊரும் பேரும் நகரவில்லை. அதனால் 'தென்காசிக்கு ஒரு அணி கொடு' என்று நான் கேட்கப் போவதில்லை. இப்போ இருக்கிற விதிப்படி கொடுத்தால் நாலு வருஷத்தில் அது ஓசூரிலோ நாகர்கோவிலிலோ இருக்கும்.

நான் கேட்பது மூன்றுதான். ஒன்று, எந்த ஊர் பேரைப் போடுகிறீர்களோ அந்த ஊரில் வருஷத்துக்கு இரண்டு ஆட்டமாவது ஆடுங்கள். மைதானம் இல்லை என்றால் முதலில் மைதானம் கட்டுங்கள், பேர் அப்புறம். இரண்டு, ஆடும் பதினொருவரில் அந்த மாவட்டத்துப் பையன்கள் இத்தனை பேர் என்று புள்ளியோ விதியோ ஏதாவது ஒன்று வையுங்கள். மூன்று, அணியை விற்றால் பேர் ஊரிலேயே இருக்கட்டும். புது முதலாளி புது ஊருக்குப் புது அணியோடு போகட்டும்.

இதில் எது முடியாதது? கிராமத்துக் கபடி கமிட்டி ரசீதுப் புத்தகம் போட்டு வசூல் பண்ணிய காசில் இதைச் செய்கிறது. லட்சக்கணக்கில் ஏலம் விடுகிறவர்களால் முடியாதா?