சங்கத்துக்குப் புதுக் காரணவரா?

நமது நாஞ்சில் நாட்டில் சங்கமில்லாத ஊரைக் காண்பது அரிது. படிப்பகம், மீனவர் கூட்டுறவு, தோட்டத் தொழிலாளர் சங்கம், மகளிர் சுய உதவிக் குழு என்று ஊருக்கு நாலாவது இருக்கின்றது. இச்சங்கங்களின் காரியங்களையெல்லாம் "ஏ.ஐ. ஏஜண்டு" என்னும் இயந்திரத்தினிடம் ஒப்புவித்துவிடலாம் என்பதாக இப்பொழுது ஒரு பிரசாரம் நடக்கின்றது. கடிதங்களுக்குப் பதில் எழுதுவது, சந்தா பாக்கியை ஞாபகப்படுத்துவது, மனுக்களைப் பரிசீலிப்பது, உதவி யாருக்கென்று தீர்மானிப்பது ஆகிய எல்லாவற்றையும் அதுவே செய்துவிடுமாம். அதற்குச் சாதி இல்லையாம், பட்சபாதம் இல்லையாம், தவறு என்பதே இல்லையாம். "தவறே இல்லாதது" என்று எதைப்பற்றிச் சொன்னாலும் நமக்குச் சந்தேகம் வருவது இயற்கை. ஏனெனில் சாஸ்திரத்துக்கும் சாமியாருக்கும் இதே யோக்கியதையைச் சொல்லித்தான் நம்மை இவ்வளவு காலமும் ஏய்த்து வந்தார்கள்.

நாம் இயந்திரங்களுக்கு விரோதிகளல்ல. மனிதனின் கஷ்டத்தைக் குறைக்கும் எந்த இயந்திரத்தையும் இரண்டு கையாலும் வரவேற்பதே பகுத்தறிவு. கூட்டத்தில் பேசியதைக் குறிப்பாக எழுதவும், இங்கிலீஷில் வந்த சர்க்கார் உத்தரவைத் தமிழில் விளக்கவும், வரவு செலவை ஒத்துப் பார்க்கவும் இந்த ஏஜண்டு உதவுமானால், ராத்திரி விழித்து எழுதும் காரியதரிசிக்கு அது பெரிய ஒத்தாசைதான். நமது ஆட்சேபணையெல்லாம், அதைக் குமாஸ்தாவாக வைக்காமல் காரணவராக வைக்கப் பார்க்கிறார்களே என்பதுதான்.

காரணவர் என்றால் யார் என்று நாஞ்சில் நாட்டாருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. மருமக்கள் வழியில் குடும்பச் சொத்து முழுவதும் அவர் கையில் இருந்தது. அவர் சொன்னதே கணக்கு; எதிர்த்துக் கேட்பவன் குடும்பத்துரோகி. பெற்ற பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். கவிமணி மருமக்கள் வழி மான்மியம் பாடியதும், 1926-ல் நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டம் வந்ததும் எதற்காக? கணக்குக் கேட்க முடியாத அதிகாரம் எவன் கையிலும் இருக்கக்கூடாது என்பதற்காகத்தானே? அப்படியிருக்க, கேட்டால் பதில் சொல்லும் பொறுப்பே இல்லாத ஓர் இயந்திரத்தை அந்த நாற்காலியில் உட்காரவைப்பது எந்த அறிவு என்று கேட்கின்றோம்.

இது வேலை செய்யும் விதத்தைக் கவனிப்போம். கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று ஊகிப்பதே இதன் அடிப்படை. அந்த ஊகத்தைக்கொண்டே படிப்படியாகக் காரியமும் செய்கின்றது. ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கு 95 தடவை சரியாகச் செய்வதாகவே வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் படியுள்ள ஒரு காரியம் முழுவதும் சரியாக முடிவது நூற்றுக்குச் சுமார் 60 தடவைதான். இது சாதாரணப் பெருக்கல் கணக்கு. மீதி 40 மனுக்களில் பிசகு நேர்ந்தால், அந்த 40 குடும்பங்கள் எந்தச் சாமியிடம் போய் முறையிடுவது?

இது வீண் பயமென்று சொல்லுவோர் அமெரிக்காவில் நடந்ததைப் பார்க்கட்டும். உணவை வெறுக்கும் மனநோய்க்கு ஆளானவர்களுக்காக அங்கே ஒரு தேசியச் சங்கம், 'நீடா' என்ற பெயரில் இருக்கின்றது. அது இருபது வருஷங்களுக்கு மேல் மனிதர்களை வைத்து டெலிபோனில் ஆறுதல் சொல்லி வந்தது. அந்த ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைத்த பிறகு, 2023-ல், அந்த ஏற்பாட்டையே மூடிவிடப்போவதாக அறிவித்தார்கள். 'டெஸ்ஸா' என்னும் பதில் சொல்லும் இயந்திரமே மிஞ்சுவதாக இருந்தது. அந்த இயந்திரம், பட்டினி கிடந்து சாகும் நோயுள்ளவர்களுக்கு நாளைக்கு 500 முதல் 1000 கலோரி வரை குறைத்துச் சாப்பிட்டு உடம்பை இளைக்கவைக்கும்படி உபதேசம் செய்தது! மே மாத முடிவில் அதை நிறுத்தவேண்டியதாயிற்று. பொறுப்பாளி யார்? இயந்திரத்தை மாற்றியமைத்தது தங்களைக் கேட்டல்ல என்றார்கள் சங்கத்தார். ஒப்பந்தப்படிதான் மாற்றினோம் என்றார்கள் கம்பெனியார். இத்தனைக்கும் அது வெறும் பேச்சு இயந்திரம். ஏஜண்டோ பேசுவதோடு நில்லாமல் காரியமும் செய்யக்கூடியது.

கானடாவில் ஒரு விமானக் கம்பெனியின் இயந்திரம் பிரயாணி ஒருவருக்குக் கட்டணச் சலுகை பற்றித் தப்பாகச் சொல்லிவிட்டது. வழக்கு வந்தபோது, இயந்திரம் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்று ஏர் கானடா வாதாடிற்று! 2024-ல் தீர்ப்பு மன்றம் அதைத் தள்ளிவிட்டு, கம்பெனியே பொறுப்பு என்று நஷ்டஈடு கொடுக்கச் சொல்லிற்று. பூசாரி செய்த தவறுக்குச் சாமியைக் காட்டுவது போன்ற இந்தத் தந்திரம் நாளை நமது சங்கங்களிலும் வராதென்பது என்ன நிச்சயம்?

இனி, "சாதியில்லை" என்ற கதை. 2025-ல் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ என்னும் அமெரிக்கப் பத்திரிகை ஜி.பி.டி.-5 என்ற இயந்திரத்தைப் பரீட்சித்தது. புத்திசாலி யார், சாக்கடை சுத்தம் செய்பவர் யார் என்பன போன்ற வாக்கியங்களைப் பூர்த்தி செய்யச் சொன்னபோது, மனுவின் பேரனைப் போலவே பெரும்பாலும் பூர்த்தி செய்தது! இதில் ஆச்சரியமென்ன? எழுதிவைத்ததைப் படித்ததுதானே அது? இந்த நாட்டில் அதிகம் எழுதிவைத்தவர்கள் யார்? 1829-ல் திருவிதாங்கூர் ராஜ விளம்பரம் நாடார் பெண்கள் தோள்சீலை அணியக்கூடாதென்று எழுதிவைத்தது. அன்று ஓர் ஏஜண்டு இருந்து, எழுத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லியிருந்தால், அப்பெண்களைக் குற்றவாளிகள் என்றுதானே சொல்லியிருக்கும்? 1859-ல் அவ்வுரிமை வந்தது எழுத்தை எதிர்த்து நின்ற மனிதர்களால்தான்.

எழுத்தில் ஏறாத உண்மையும் உண்டு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது, காணாமற்போன மீனவர் எத்தனை பேர் என்பதில் சர்க்கார் கணக்கும் கடற்கரை ஊரார் கணக்கும் ஒத்துவரவில்லை. மாதாகோவிலாரும் மீனவர் அமைப்புகளும் ஊர் ஊராகப் பெயர் சேகரித்துப் போராடினார்கள். தூத்தூரிலும் சின்னத்துறையிலும் எந்த வீட்டுப் பிள்ளை எந்தப் படகில் போனான் என்பது பக்கத்து வீட்டாருக்குத் தெரியும். ஏட்டை மாத்திரம் படிக்கும் ஏஜண்டுக்கு எப்படித் தெரியும்?

ஆகவே, இதை ஏற்கவிரும்பும் சங்கங்களுக்கு நாம் சொல்லுவது இவ்வளவுதான். முதலாவது, பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர் ஒப்புக்கொண்ட பிறகே ஏஜண்டு உள்ளே வரவேண்டும். இரண்டாவது, பணம் கொடுப்பது, உதவியை மறுப்பது, அங்கத்தினரை நீக்குவது ஆகிய மூன்றிலும் பெயர் சொல்லிக் கையெழுத்திடும் மனிதன் இருக்கவேண்டும். மூன்றாவது, கடன், வியாதி, குடும்பச் சங்கதி ஆகியவைகளைக் கம்பெனிக்காரன் இயந்திரத்தில் கொட்டக்கூடாது. நாலாவது, அது செய்த காரியங்களின் பட்டியலை மாதந்தோறும் கமிட்டியில் தமிழில் வாசிக்கவேண்டும். ஐந்தாவது, "ஏன் மறுத்தீர்கள்?" என்று கேட்கும் மீன்காரக் கிழவிக்கு "கம்ப்யூட்டர் சொல்லிற்று" என்று எவனும் பதில் சொல்லக்கூடாது. அந்தப் பதிலுக்கும் "தலைவிதி" என்ற பதிலுக்கும் வித்தியாசமில்லை.

1975-ம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி, ஏழு பேர் சேர்ந்தால்தான் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். அந்த ஏழில் ஓர் இடம் கூட இயந்திரத்துக்குக் கிடையாது. கூடுவதும், கேட்பதும், கணக்குப் பார்ப்பதும் நமது வேலை. அந்த வேலைக்குச் சோம்பி, ஒரு காரணவரை ஒழித்த கையாலேயே இன்னொரு காரணவரை நியமித்துக்கொண்டால், நமது பேரப்பிள்ளைகள் நம்மைப்பற்றி இன்னொரு மான்மியம் பாடத்தான் போகிறார்கள்.