காய்ச்சலை மறைத்த வீடுகள்

2021 ஓகஸ்ட் கடைசி வாரத்தில் அம்மாவுக்குத் தொற்று உறுதி என்று அன்டிஜன் பரிசோதனைப் பெறுபேறு வந்தபோது வீட்டில் முதலில் வாய் திறந்தவர் அண்ணிதான். "ஒருத்தருக்கும் சொல்லாதையுங்கோ. ஆமி பஸ்ஸிலை ஏத்திக்கொண்டு போய்விடுவாங்கள்" என்றார்.

அண்ணி கிளிநொச்சிக்காரி. 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்தைவிட்டு வன்னிக்குப் போன குடும்பம் அவருடையது. 2009இல் பதினாறு வயதில் மெனிக் பாம் முகாமின் முட்கம்பிக்குள் மாதக்கணக்கில் இருந்தவர். பஸ்ஸில் ஏற்றுவது, பெயர் பதிவது, எப்போது விடுவார்கள் என்று தெரியாமல் இருப்பது எல்லாம் அவருக்குப் பழக்கமானவை. கொவிட் என்ற நோயைவிட அந்த ஒழுங்குமுறைக்குத்தான் அவர் பயந்தார். அவரைக் குறைசொல்ல என்னால் முடியவில்லை. 2020 மார்ச் முதல் இந்த நாடு தொற்றை எதிர்கொண்ட விதமே அதுதானே. தனிமைப்படுத்தல் நிலையங்களை இராணுவம் நடத்தியது. கொவிட் தடுப்புக்கான தேசிய செயற்பாட்டு மையத்தின் தலைவராக நியமிக்கப்பட்டவர் இராணுவத் தளபதி சவேந்திர சில்வா. இறுதிப் போரில் 58ஆவது படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் அவர் என்பதை இந்தக் கட்டுரையின் வாசகர்களுக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

2021 ஓகஸ்டில் நிலைமை தலைகீழானது. டெல்டா திரிபு வந்து வைத்தியசாலைகள் நிரம்பின. ஓகஸ்ட் பிற்பகுதியில் நாளொன்றுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட மரணங்கள் பதிவாகின. இந்தியாவிலிருந்து கப்பலில் ஒட்சிசன் கொண்டுவரவேண்டியிருந்தது. கண்டியில் பார்வையாளர்கள் இல்லாமல் பெரஹரா வீதியில் போய்க்கொண்டிருந்த நாட்களில்தான், 20ஆம் திகதி இரவு பத்து மணியிலிருந்து நாடு மூடப்பட்டது. அதற்குச் சற்று முன்னர் மேல் மாகாணத்தில் தொடங்கிய வீட்டுப் பராமரிப்புத் திட்டம் ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்தது. கடுமையான அறிகுறிகள் இல்லாதவர்கள் வீட்டிலேயே இருக்கலாம், 1390 இலக்கத்துக்கு அழைத்தால் வைத்திய ஆலோசனை கிடைக்கும் என்றார்கள். பதினேழு மாதங்களாக "ஏற்றிக்கொண்டு போவோம்" என்ற அரசு ஒரே வாரத்தில் "வீட்டிலேயே இருங்கள்" என்றது. மருத்துவ ரீதியில் அது சரியான முடிவு. பெரும்பாலானோருக்கு இந்த நோய் வீட்டிலேயே மாறிவிடும். ஆனால், பழைய பயம் ஒரு சுற்றறிக்கையோடு போய்விடுவதில்லை.

நாங்கள் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் வாடகைக்கு இருக்கிறோம். இரண்டு அறை, ஒரு கழிப்பறை, ஆறு பேர். அம்மாவுக்கு வயது 63, நீரிழிவு பத்து வருடமாக. கண்டி மாவட்டத்தில் பலருக்குப் போட்ட ஸ்புட்னிக் வி ஊசிதான் அம்மாவுக்கும். முதலாவது போட்டாயிற்று, இரண்டாவது அப்போது இன்னும் வரவில்லை. ஸ்புட்னிக்கில் இரண்டாவது ஊசி முதலாவதிலிருந்து வேறுபட்ட வைரஸ் காவியால் செய்யப்படுவது. கையிருப்பில் இருந்த முதலாவதையே மறுபடி போட்டுவிட முடியாது என்பதால் காத்திருப்பு நீண்டது.

ஓர் அறையை அம்மாவுக்குக் கொடுத்தோம். மற்ற ஐந்து பேரும் ஓர் அறையிலும் கூடத்திலும். யன்னல்களை இரவிலும் திறந்து வைத்தோம், கண்டிக் குளிரில். கழிப்பறையை அம்மா பாவித்த பிறகு கொஞ்ச நேரம் விட்டு, கதவையும் யன்னலையும் திறந்து வைத்துவிட்டுத்தான் மற்றவர்கள் போனோம். உள்ளே போகும் ஆள் நான் மட்டும், முகக்கவசத்துடன். வீட்டுப் பராமரிப்பு என்று அரசு சொன்னதன் நடைமுறைப் பொருள் வீட்டில் உள்ள ஒரு பெண் பத்து, பதினான்கு நாட்கள் சம்பளமில்லாத தாதியாக இருப்பதுதான். எங்கள் வீட்டில் எழுதிப் பிழைக்கும், திருமணமாகாத நான்.

மருந்து? வீட்டில் கொடுக்கக்கூடியது மிகக் குறைவு. காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் பரசிட்டமோல், வளர்ந்தவர்களுக்கு ஒரு தடவைக்கு இரண்டு வில்லை, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒரு நாளில் எட்டு வில்லைக்கு மேல் கூடாது. மெலிந்தவர்களுக்கும் ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. நிறைய நீராகாரம். வழமையான மருந்துகளை நிறுத்தாமல் இருப்பது. அம்மாவுக்குச் சாப்பாடு இறங்காதபோது நீரிழிவு மருந்தை என்ன செய்வது என்று வைத்தியரிடம் கேட்டோம். தொற்று இரத்தச் சீனியை ஏற்றிவிடும், காலையும் மாலையும் குத்திப் பாருங்கள் என்றார். அவ்வளவுதான். கொத்தமல்லி அவித்துக் குடித்தோம், தொண்டைக்கு இதமாக இருந்தது. அது வைரஸைக் கொல்லும் என்று நம்பிக் குடிக்கவில்லை. ஆவி பிடிப்பதை மட்டும் நான் தடுத்தேன். சின்னப் பிள்ளைகள் ஓடித்திரியும் வீட்டில் கொதிநீர்ச் சட்டி கொவிட்டைவிட உடனடி ஆபத்து.

இந்தக் குறைவுதான் மக்களுக்கு ஏற்றுக்கொள்ளக் கடினமாக இருக்கிறது. ஏதாவது கொடுக்கவேண்டும் என்று மனம் துடிக்கிறது. அந்தத் துடிப்பைத்தான் 2020 டிசம்பரில் பக்கத்து மாவட்டமான கேகாலையில் பார்த்தோம். தேனும் சாதிக்காயும் கலந்த தம்மிக்க பண்டாரவின் பாணிக்காக ஆயிரக்கணக்கில் கூடினார்கள். அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி அதைப் பகிரங்கமாகவே குடித்தார். ஜனவரியில் அவருக்கே தொற்று உறுதியானது. அதைப் பார்த்துச் சிரித்த நம்மவர்களில் பலர் பிறகு வட்ஸ்அப்பில் வந்த மருந்துச் சீட்டுகளைக் கொண்டு பார்மசிக்குப் போனார்கள்.

நானும் போனேன். நகரில் ஒரு பார்மசியில் அம்மாவின் நிலையைச் சொன்னதும், சீட்டு எதுவும் கேட்காமல் அசித்ரோமைசினும் டெக்ஸாமெத்தசோனும் எடுத்து வைத்தார்கள். எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள் என்றார்கள். அசித்ரோமைசின் பக்டீரியாவுக்கான மருந்து. கொவிட்டில் அது பயன் தரவில்லை என்று பிரித்தானியாவில் நடந்த பெரிய பரிசோதனைகள் காட்டிவிட்டன. டெக்ஸாமெத்தசோனின் கதை வேறு. அது உண்மையிலேயே உயிர் காக்கும் மருந்து, மலிவானதும்கூட. 2020 ஜூனில் வெளிவந்த ரிகவரி ஆய்வின்படி, செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் மரணத்தை அது மூன்றில் ஒரு பங்கும், ஒட்சிசன் பெற்றுக்கொண்டிருந்தவர்களின் மரணத்தை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. ஒட்சிசன் தேவைப்படாதவர்களுக்கு எந்த நன்மையும் இல்லை. தீமை நேரக்கூடும் என்ற சந்தேகமும் இருந்தது. முதல் வாரத்தில் உடம்பு வைரஸோடு போராடும்போது ஸ்டீரொயிட் கொடுப்பது அந்தப் போராட்டத்தைத் தளர்த்துவது. நீரிழிவுக்காரருக்குச் சீனியும் எகிறும். இந்தியாவில் 2021இல் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பிடித்த கரும்பூஞ்சை நோயின் பின்னால் இருந்தவை நீரிழிவும் கண்டபடி கொடுத்த ஸ்டீரொயிட்டும்தான். நான் அந்த வில்லைகளை வாங்காமல் வந்தேன். ஊடகம் படித்தவள் நான், மருத்துவம் அல்ல. பழக்கமான ஒரு வைத்தியரைத் தொலைபேசியில் கேட்க முடிந்ததால்தான் அந்தத் துணிவு வந்தது. ஐவர்மெக்டின் பற்றியும் கேட்டேன். மருத்துவப் பரிசோதனைக்கு வெளியே பாவிக்கவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச்சிலேயே சொல்லிவிட்டது என்றார்.

பார்மசியில் நான் வாங்கியது ஒக்சிமீற்றர். 4,500 ரூபா. வீட்டில் வைத்துப் பார்க்கும் கொவிட்டில் உண்மையான வேலை இரத்தத்தில் ஒட்சிசன் இறங்குகிறதா என்று காவல் இருப்பது. இந்த நோயில் மூச்சுத் திணறல் தெரியாமலேயே ஒட்சிசன் இறங்கிவிடும். அறிகுறி தொடங்கி ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரைதான் பெரும்பாலும் அந்தச் சரிவு வருகிறது, காய்ச்சல் விட்டுவிட்டது என்று நாம் ஆறுதலடையும் நேரத்தில். 95, அதற்கு மேல் என்றால் பரவாயில்லை. 94, 93 என்று நின்றால் உடனே வைத்தியரோடு பேசவேண்டும். 92, அதற்குக் கீழே என்றால் பேச்சுக்கு நேரமில்லை, 1990க்கு அழைத்து வைத்தியசாலைக்குப் போகவேண்டும். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம். கருவி இல்லாத வீட்டில், ஒரு வசனத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, நெஞ்சில் இறுக்கம், தட்டி எழுப்பினாலும் மயக்கம்போல இருக்கிறார் என்றால் அதுவும் அதே அவசரம்தான்.

கருவியையும் கண்மூடி நம்ப முடியாது. குளிரில் விறைத்த விரலில் அது பிழையாகக் காட்டும். மருதாணி, நகப்பூச்சு இருந்தாலும் அப்படித்தான். கறுத்த தோலில் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும் என்று அமெரிக்காவில் 2020இல் வெளியான ஆய்வு சொல்கிறது. கறுப்பின நோயாளர்களிடம் மறைந்த ஒட்சிசன் குறைபாட்டை அது தவறவிட்டது வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. நம் விரல்களுக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும் என்று எடுத்துக்கொண்டு, 94ஐ நான் 94ஆக நம்பவில்லை.

ஏழாம் நாள் இரவு அம்மாவுக்கு 93 காட்டியது. கையைத் தேய்த்துச் சூடாக்கிப் பார்த்தேன், 94. குப்புறப் படுக்க வைத்தோம். அப்படிப் படுத்தால் நுரையீரலின் பின்பகுதி திறந்து கொஞ்சம் ஏறும். ஆனால், அது வைத்தியசாலைக்குப் பதிலாகாது. ஓர் அலுவலக இலக்கத்துக்கு அழைத்தேன். எடுத்தவருக்குச் சிங்களம் மட்டும்தான் தெரியும். எனக்குச் சிங்களம் வரும் என்பதால் சமாளித்தேன். அண்ணி தனியாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அந்த இரவில் யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்த வைத்தியரைப் பிடித்து, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அளந்து சொல்லிக்கொண்டிருந்தோம். விடியும்போது 96. அம்மா தேறிவிட்டார்.

சித்தப்பா தேறவில்லை.

அம்மாவின் தங்கை குடும்பம் தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்து லயம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முன்னால் இஸ்தோப்பு, ஒரு யன்னல். சித்தப்பாவுக்குக் காய்ச்சல் தொடங்கிய விடயம் எட்டு நாட்களாக எங்களுக்கே தெரியாது. "ஒன்னும் இல்ல, சும்மா சளிக் காய்ச்சல்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். பெனடோல் போட்டுக்கொண்டு முதல் மூன்று நாளும் வேலைக்குப் போயிருக்கிறார். தொற்று என்று தெரிந்தால் லயத்தையே மூடிவிடுவார்கள், எல்லோருக்கும் பேர் விழாது, பழி தன் தலையில் வரும் என்று பயந்திருக்கிறார். 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்த ஆயிரம் ரூபா நாட்சம்பளமும் வேலைக்குப் போனால்தான். பதினான்கு நாள் உள்ளே இருந்தால் பதினான்கு ஆயிரம் போச்சு. தனிமைப்படுத்தப்பட்ட குடும்பத்துக்கு அப்போது அரசு தந்த பத்தாயிரம் ரூபா உலருணவுப் பொதி வந்திருந்தாலும் அந்தக் கணக்கு நேராகியிராது. ஒன்பதாம் நாள் தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு போனபோது வைத்தியசாலை வாசலிலேயே உயிர் போய்விட்டது. கிரியை எதுவுமில்லாமல் தகனம் முடிந்தது.

2020இல் அரசாங்கத் தகவல் திணைக்களம் மரணங்களை ஒவ்வொன்றாக அறிவித்தபோது, 'வீட்டில் உயிரிழந்தார்', 'வைத்தியசாலையில் அனுமதிக்கும்போதே உயிரிழந்திருந்தார்' என்ற வரிகள் அடிக்கடி வந்தன. அவற்றை வெறும் தகவலாகவே நான் வாசித்தேன். இப்போது அந்த வரிகளுக்குள் எத்தனை சித்தப்பாக்கள் என்று தோன்றுகிறது. 2021 செப்டெம்பரில் நாட்டில் மரண எண்ணிக்கை பத்தாயிரத்தைக் கடந்தது. அவர்களில் தாமதமாக வந்தவர்கள் பலர் என்றால், அந்தத் தாமதத்தை 'மக்களின் அலட்சியம்' என்று எழுதிவிட்டுப் போக முடியாது. 2020 மார்ச்சில் அக்குறணையை மூடி அந்த ஊர்ப் பெயரையே நோயின் பெயர்போலத் தொலைக்காட்சிகள் உச்சரித்ததைப் பார்த்த முஸ்லிம்கள், பிறகு ஏறக்குறைய பதினொரு மாதங்கள், 2021 பெப்ரவரி வரை, தம் மரணித்தவர்களைப் புதைக்கவிடாமல் எரித்த அரசைப் பார்த்தவர்கள், வைத்தியசாலைக்குப் போகத் தயங்கினால் அது அறியாமையா? அண்ணியின் பயம் மெனிக் பாமிலிருந்து வந்தது. சித்தப்பாவின் பயம் செக்ரோலிலிருந்து. வேறு வேறு வரலாறுகள். ஆனால், மூன்று இடத்திலும் காய்ச்சல் மறைக்கப்பட்டது.

லயத்தில் தனியறை கிடையாது. ஆகவே அங்கே 'வீட்டுப் பராமரிப்பு' என்றால் காம்பராவில் உள்ள எல்லோருக்கும் தொற்று என்றுதான் பொருள். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவையோ மூடிக்கிடந்த பாடசாலையையோ தோட்டத்து மக்களின் பொறுப்பில், இராணுவச் சீருடை இல்லாமல், நோயாளர் தங்க ஒழுங்குபடுத்தியிருக்கலாம். குடும்பநல உத்தியோகத்தர் ஒவ்வொரு லயத்தையும் அறிந்தவர். அவரோடு தமிழ் பேசும் இரண்டு இளைஞர்களைச் சேர்த்து, காலையும் மாலையும் விரலில் கருவி மாட்டிப் பார்க்கச் செய்திருக்கலாம். சென்னை மாநகராட்சி 2020இல் களப்பணியாளர்களை வீடுவீடாக அனுப்பிக் காய்ச்சல் கணக்கெடுத்தது. நோயாளி தேடி வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. ஒரு லயத்துக்கு ஓர் ஒக்சிமீற்றர், அன்றைய ஐந்து நாட்சம்பளத்துக்கும் குறைந்த விலை. 2021 ஓகஸ்ட் 16இல் சுகாதார அமைச்சைப் பொறுப்பேற்ற கெஹெலிய ரம்புக்வெல அப்போது கண்டி மாவட்டத்துப் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர்தான். தெல்தோட்டை அவருக்கு வெளியூர் அல்ல. தொற்றை அறிவிப்பவரின் நாட்பெயர் வெட்டப்படாது என்று கம்பனிகளிடம் எழுத்தில் வாங்கித் தருவது தொழிற்சங்கங்களின் வேலை. சந்தா வாங்கும் அவர்கள் இதை ஏன் கேட்கவில்லை என்று சின்னம்மா என்னிடம் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

எங்கள் ஒக்சிமீற்றர் இப்போது எங்களிடம் இல்லை. சித்தப்பாவின் எட்டாம் நாள் முடிந்த கையோடு, மரக்கறி லொறியில் வந்த ஒரு தம்பியிடம் அதைச் சின்னம்மாவுக்குக் கொடுத்தனுப்பினேன். லயத்தில் ஆறு வீடு சுற்றிவிட்டதாம். ஒவ்வொரு இரவும் எண்களைத் தொலைபேசியில் சொல்வார், நான் கொப்பியில் எழுதி வைப்பேன். நேற்று எடுத்து, "பாப்பா, கடைசி வீட்டு ஆயாவுக்கு 93 காட்டுச்சு, சொன்ன மாதிரியே கையத் தேச்சுப் பாத்தோம், அப்பவும் 93தான். ஆம்புலன்சுக்குப் பேசிட்டோம், வருது" என்றார். பிறகு, "பெற்றி முடியப்போவுது போல, மின்னிக்கிட்டே இருக்கு. ரெண்டு அனுப்பு" என்றார். ஊரடங்கில் கடை எதுவும் திறந்திருக்கவில்லை. சுவர்க் கடிகாரத்திலிருந்து ஒன்றும், தொலைக்காட்சி றிமோட்டிலிருந்து ஒன்றும் கழற்றிக் கடதாசியில் சுற்றி வைத்திருக்கிறேன், லொறி வரும்வரை.