வானிலும் வழிவிட வேண்டும்

வானம் பரந்தது, அங்கே விபத்துக்கு இடமேது எனப் பலர் எண்ணலாம். ஆனால், மீட்புப் பணிக்குச் செல்லும் ஹெலிகாப்டர்கள் பல வேளைகளில் தாழ்வாகப் பறக்கின்றன. டிரோன்களும் பட்டங்களும் பறப்பது அங்கேதான்.

2017 செப்டம்பரில், நியூயார்க் அருகே சுமார் 300 அடி உயரத்தில் பறந்த இராணுவ ஹெலிகாப்டர்மீது டிரோன் ஒன்று மோதியது. இறக்கை சேதமடைந்தும் ஹெலிகாப்டர் பத்திரமாகத் தரையிறங்கியது. கண்ணுக்கெட்டாத தொலைவில் டிரோனை இயக்கியவரோ மோதலை அறியவே இல்லை.

சிங்கப்பூரில் 200 அடிக்கு மேல் டிரோனையோ பட்டத்தையோ பறக்கவிட அனுமதி தேவை. இதனைப் பொழுதுபோக்குக்கு விதித்த தடையாகக் கருதுவது தவறு. விரைந்து வரும் விமானிக்குச் சிறிய டிரோனும் பட்டத்தின் நூலும் எளிதில் தென்படா. தரையில் நிற்பவருக்கோ ஹெலிகாப்டரின் ஒலி முன்னரே கேட்கும். எனவே, டிரோனை உடனே தரையிறக்குவது அவரது கடமையாகும். அந்த ஹெலிகாப்டரில் ஓர் உயிர் மருத்துவமனைக்கு விரைந்துகொண்டிருக்கலாம்.