வானம் காக்க உள்ளூர்ப் படை வேண்டும்

1935-ல் லண்டன் நகரின் பகுதிநேரக் காலாட்படைப் பட்டாலியன்கள் பலவற்றுக்குப் புது உத்தரவு வந்தது. துப்பாக்கியை வைத்துவிட்டு, தேடுவிளக்கையும் விமான எதிர்ப்பு பீரங்கியையும் கையாளப் பழக வேண்டும். பகலில் அலுவலகம், மாலையில் பயிற்சி என்றிருந்தவர்கள் அவர்கள். தொப்பியில் பழைய காலாட்படைச் சின்னத்தையே அணிந்தபடி புது வேலையைக் கற்றார்கள். 1940-ல் ஜெர்மன் குண்டுவீச்சு தொடங்கியபோது லண்டனின் வானத்தைக் காத்ததில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

நமக்கும் இது புதிதல்ல. 1949 அக்டோபர் 9 அன்று ராஜாஜி தொடங்கிவைத்த பிராந்திய ராணுவத்தில் காலாட்படையோடு வான்பாதுகாப்புப் பிரிவுகளும் இருந்தன. வேறு வேலையில் இருந்துகொண்டே நாட்டுக்காகப் பயிற்சி பெற்ற எளிய மனிதர்கள் அவற்றில் பணியாற்றினார்கள். 1972-க்குள் அந்தப் பிரிவுகள் கலைக்கப்பட்டன அல்லது நிரந்தர ராணுவத்தில் சேர்க்கப்பட்டன. இவ்விரண்டில் காலாட்படை மட்டும் மிஞ்சியது.

அந்த இழப்பின் அளவு 2025 மே மாதம் பாகிஸ்தானுடன் நடந்த மோதலில் தெரிந்தது. பாகிஸ்தானின் ட்ரோன்களை வீழ்த்தியதில் எல்-70 போன்ற பழைய பீரங்கிகளுக்கும் பங்கு இருந்தது. அதே நாட்களில் பிராந்திய ராணுவத்தின் 32 காலாட்படைப் பட்டாலியன்களில் 14-ஐ அழைத்துக்கொள்ள மத்திய அரசு அனுமதித்தது. ஆட்கள் இருந்தார்கள், ஆனால் அவர்கள் வான்பாதுகாப்புப் பிரிவினர் அல்லர்.

தென்கடலோரம் பாதுகாப்பானது என்று சிலர் சொல்லலாம். ஆனால் 1942 ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. 1943 அக்டோபரில் சென்னையிலும் குண்டு விழுந்தது. இன்று ராமநாதபுரம் மாவட்டத்தில் பாம்பன் பாலம் இருக்கிறது, உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானத் தளம் இருக்கிறது. ட்ரோன் காலத்தில் இவற்றின் மேலுள்ள வானத்தை ஆளில்லாமல் விட முடியாது.

பகுதிநேர வீரர்களால் பீரங்கி இயக்க முடியுமா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் பிராந்திய ராணுவத்தின் சுற்றுச்சூழல் பட்டாலியன்கள் பெரும்பாலும் முன்னாள் படைவீரர்களைக் கொண்டே மரம் நடுகின்றன. அதே வழியில் பீரங்கிப் படையில் ஓய்வுபெற்றவர்களை முதுகெலும்பாக வைத்து, உள்ளூர் இளைஞர்களைப் பழக்கலாம்.

அந்த இளைஞர்களுக்கும் இது உதவும். ராமநாதபுரம் மாவட்டத்தின் ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாயில் தண்ணீர் நின்றால்தான் அந்தப் பக்கத்தில் விவசாயம். வறண்ட ஆண்டில் இளைஞர்களுக்கு ஊரில் வேலை இல்லை. தமிழ்நாட்டில் பிராந்திய ராணுவப் பட்டாலியன்கள் கோவையிலும் திருச்சியிலும் இருக்கின்றன. ராமநாதபுரம் கடலோரத்துக்கென ஒரு வான்பாதுகாப்புப் பிரிவை அமைக்கப் பாதுகாப்பு அமைச்சகம் முன்வர வேண்டும். மாவட்டத்தின் மக்கள் பிரதிநிதிகள் இதை நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும்.