சாரையை அடிக்காதீர்கள்

திண்டுக்கல் வட்டாரத்தில் நெல், மக்காச்சோள அறுவடையின்போது வரப்பில் சாரைப்பாம்பு தென்பட்டால் உடனே கம்பைத் தேடுகிறோம். விவசாயிகளே, நீங்கள் அடிப்பது கூலி வாங்காத காவல்காரனை. சாரைக்கு விஷம் கிடையாது. கிட்டி வரப்பின் மேல்தான் நிற்கும். சாரையோ எலி வளைக்குள்ளேயே புகுந்து குஞ்சுகளையும் தின்றுவிடும்.

சாரையும் நல்லபாம்பும் பிணையும் என்பது தவறான நம்பிக்கை. அப்படிப் பின்னி நிற்பவை பெரும்பாலும் சண்டையிடும் இரண்டு ஆண் சாரைகளே.

பயம் நியாயமானதுதான். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவை உயிரைப் பறிக்கும். அடையாளம் தெரியாத பாம்பை நெருங்காமல் வழி விடுங்கள். இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும்போது டார்ச்சும் பூட்சும் அவசியம். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், பச்சிலை தேடி நேரத்தைப் போக்காதீர்கள். 108ஐ அழைத்து உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்; விஷமுறிவு மருந்து ஒன்றே காப்பாற்றும்.

வேளாண் அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எலி ஒழிப்புக் கூட்டங்களில் மருந்தைப் பற்றிச் சொல்லும்போது, சாரையை அடிக்காதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.