ஜெயமா, தோல்வியா?

சென்ற மாதம் ஒரு நாள் மாலை நான் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பியபோது, வீட்டுத் திண்ணையில் ஓர் அம்மாள் காத்திருந்தார். என் வகுப்பில் வாசிக்கும் பையனின் தாயார், கணவரை இழந்தவர். பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து நீட்டி, "ஸார், கோர்ட்டிலே தீர்ப்பாகிவிட்டது. எனக்கு ஜெயமா, தோல்வியா? கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாய்க்கால் ஓரத்து அரை ஏக்கர் நிலத்துக்காக மைத்துனருடன் 6 வருஷம் நடந்த வழக்கு அது. வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறிப் போனவர் இவர். நகையை விற்று வக்கீலுக்குக் கொடுத்தவரும் இவரே. முடிவு மட்டும் இவருக்குத் தெரியவில்லை. 11 பக்கத் தீர்ப்பும் இங்கிலீஷில் இருந்ததுதான் காரணம். வக்கீல் குமாஸ்தாவைக் கேட்டதற்கு, "வக்கீல் ஊரிலிருந்து வந்ததும் சொல்லுவார்" என்று அனுப்பிவிட்டாராம் அந்தப் புண்ணியவான்.

படித்துப் பார்த்தேன். வழக்குத் தள்ளுபடி! சப் கோர்ட்டில் அப்பீல் செய்து கொள்ள 30 நாள்தான் தவணை. நகல் வாங்கப் பிடித்த நாட்களைக் கழித்த பிறகும், அதில் 18 நாள் போய்விட்டிருந்தது.

இதற்கு வெள்ளைக்காரனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. தமிழை ஆட்சிமொழியாக்கிய 1956-ஆம் வருஷத்துச் சட்டத்தை 1976-ல் திருத்தியபோதே, ஹைகோர்ட்டுக்குக் கீழ்ப்பட்ட கோர்ட்டுகளில் சாட்சியமும் தீர்ப்பும் தமிழில் அமைவதற்கு வழி செய்தாகிவிட்டது. சட்டம் வந்தது, பழக்கந்தான் எங்கும் வந்தபாடில்லை. ஹைகோர்ட்டின் விஷயம் வேறு. அரசியல் சட்டத்தின் 348-ஆவது விதி அங்கே இங்கிலீஷை இருத்தி வைத்திருக்கிறது. ஆயினும் ஜனாதிபதியின் சம்மதம் பெற்று, வழக்கு நடவடிக்கைகளில் வேறு மொழியைக் கவர்னர் அனுமதிக்கலாம் என்றும் அதே விதி சொல்லுகிறது. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பிகார் ஆகியவை ஹிந்திக்கு இவ்வாறு அனுமதி பெற்றன. தமிழுக்கு வேண்டுமென்று நமது சட்டசபை 2006-ல் கேட்டது. 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் கூடி ஆலோசித்து, கூடாது என்றார்கள். அலகாபாத்தில் ஹிந்தியில் வாதாடினால் நியாயத்துக்குப் பங்கமில்லை. சென்னையில் தமிழில் வாதாடினால் மட்டும் பங்கம் வந்துவிடுமோ?

"சட்டத்துக்குத் தமிழில் சொல் ஏது?" என்பார்கள் வக்கீல் நண்பர்கள். மாயவரத்தில் முன்சீபாயிருந்த வேதநாயகம் பிள்ளை அவர்கள் இந்தக் கேள்விக்கு எப்போதோ விடை சொல்லிவிட்டார். சதர் கோர்ட்டுத் தீர்ப்புகளைத் திரட்டித் தமிழாக்கி, 1862-ல் 'சித்தாந்த சங்கிரகம்' என்று அச்சிட்டவர் அவர். தமிழ் ஜில்லாக் கோர்ட்டுகளில் வக்கீல்கள் இங்கிலீஷில் வாதிக்கும் வேடிக்கையை 1879-ல் வெளியான தமது 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில் பரிகாசமும் செய்தார். அவர் காலத்தில் கலைச்சொல் அகராதியும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை.

நிற்க. அந்த அம்மாள் நகையை விற்றிருக்கவே வேண்டியதில்லை என்பதுதான் எனக்கு அதிக வேதனை தந்தது. 1987-ல் இயற்றி 1995-ல் அமலுக்கு வந்த சட்டப் பணிகள் அதிகாரச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானக் கணக்குக் கேளாமலே இலவச வக்கீல் உண்டு. குழந்தைகளுக்கும், தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினருக்கும், காவலில் இருப்போருக்கும் அவ்விதமே. இதைக் கவனிக்கும் வட்டக் குழுவின் அறை அந்தக் கோர்ட்டு வளாகத்திலேயே இருக்கிறது. 6 வருஷமாக அதன் வாசலைக் கடந்துதான் அம்மாள் போய் வந்திருக்கிறார்! ஒருவராவது ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு தீர்ப்புடனும் தமிழில் ஒரே ஒரு பக்கம் இணைக்கட்டும். யாருக்கு ஜெயம், என்ன காரணம், அப்பீலுக்கு எந்தத் தேதிவரை தவணை, இலவச வக்கீலுக்கு எந்த அறைக்குப் போவது என்று அதில் எழுதியிருந்தால் போதும். இதற்கு ஜனாதிபதியின் சம்மதம் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கையும் கொஞ்சம் காகிதமும் போதும்.

மறுநாள் காலையில் லீவு போட்டுவிட்டு அம்மாளுடன் அந்த அறைக்குப் போனேன். ஓர் இளம் பெண் வக்கீலை நியமித்தார்கள். 27-ஆவது நாளில் அப்பீல் தாக்கலாயிற்று. வக்காலத்து இம்முறை தமிழில் இருந்தது. அம்மாள் அதை எழுத்துக் கூட்டி முழுதும் வாசித்தார். நாங்கள் காத்திருந்தோம். அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.