ஈரக் குப்பை வாசலைத் தாண்ட வேண்டாம்

பசுமை வாழ்க்கை என்று பேச்செடுத்தாலே இப்போது கடைக்குப் போகச் சொல்கிறார்கள். மூங்கில் டூத்பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரா, விலை கூடிய துணிப்பை. வாங்குகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் எதிலிருந்து தொடங்குவது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு, சிங்குக்குக் கீழே இருக்கும் குப்பைக் கூடையைத்தான் காட்டுவேன். வெங்காயச் சருகு, கீரைத் தண்டு, வாழைப்பழத் தோல், வடிகட்டிய டீத்தூள், புடலங்காய்க் குடல், தேங்காய்ச் சக்கை. நம் வீடுகளில் ஒரு நாளில் சேரும் குப்பையை நிறுத்தால் பாதிக்கு மேல் இந்த ஈரம்தான் இருக்கும். இதை வீட்டோடு நிறுத்திவிடலாம். பெரிய செலவில்லை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதும் இல்லை.

வாசலைத் தாண்டினால் என்ன ஆகிறது? கேரி பேக்கில் போட்டு இறுக்கி முடிச்சுப் போடுகிறோம். உள்ளே காற்று போவதில்லை. காற்றுப் பட்டு எருவாகியிருக்க வேண்டிய தோலும் தண்டும், காற்றில்லாத இடத்தில் வேறு வகை நுண்ணுயிர்களிடம் சிக்கி மீத்தேனாகின்றன. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. தென்சென்னையின் குப்பை பல பத்தாண்டுகளாகக் கொட்டப்பட்டது பெருங்குடியில். 200 ஏக்கருக்கு மேல் பரந்த அந்த மேடு எழுந்தது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த அதே சதுப்பு நிலம். குப்பையிலிருந்து கசியும் கறுப்புத் தண்ணீர் அந்த மண்ணில்தான் இறங்குகிறது. அதே 2022 ஏப்ரலில் மேடு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு எரிந்து, பத்து நாளுக்கு மேல் ஊரே புகையில் கிடந்தது. கொழும்பில் நடந்தது இன்னும் கொடுமை. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று, மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து பக்கத்து வீடுகளை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிளாஸ்டிக்கைப் பற்றி நிறையப் பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆனால் இந்த மேடுகளை நாற வைப்பதும் வாயு கக்க வைப்பதும் நம் அடுப்படியிலிருந்து போன ஈரம்.

மேட்டுக்குப் போகும் முன்பே அது ஒருவர் கையில் படுகிறது. எங்கள் தெருவுக்குப் பேட்டரி வண்டியில் வரும் அம்மா, முடிச்சுப் போட்ட பையை அவிழ்த்துக்கொண்டிருக்க மாட்டார். அதற்கு நேரமில்லை. விரலை விட்டுக் கிழிப்பார். முந்தின நாள் சாம்பார் மணிக்கட்டு வரை வழியும். அதற்குள்ளிருந்து பால் கவரையும் மாத்திரை அட்டையையும் பொறுக்கி, வண்டியில் கட்டியிருக்கும் சாக்கில் போடுவார். உடைந்த கண்ணாடி டம்ளர் இருந்தால் அதுவும் அந்தக் குழைச்சலுக்குள்தான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கையுறை கொடுத்திருக்கிறார்களே என்று கேட்டேன். "போட்டா வழுக்குதும்மா. ஈரம் இல்லாம குடுத்தீங்கன்னா பாத்துப் பாத்துப் பிரிச்சுடுவேன்" என்றார். உலர்ந்த குப்பையைப் பிரிப்பது ஒரு வேலை. அழுகியதோடு கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்வது ஒரு மனிதருக்கு நாம் செய்யும் அவமரியாதை. ஈரம் பட்ட பேப்பரையும் அட்டையையும் காயலான் கடையில் எடுக்கவும் மாட்டார்கள். அவருக்குக் கிடைக்க வேண்டிய நாலு காசும் அதோடு போய்விடும்.

பிரிக்கச் சொன்னால் உடனே வரும் பதில் எல்லோருக்கும் தெரியும். "நாம பிரிச்சுக் குடுத்து என்ன, லாரியில ஒண்ணாத்தானே கொட்டுறாங்க?" இந்தக் குறையில் உண்மை இருக்கிறது. 1996-இல் சுற்றுச்சூழல் ஆர்வலர் அல்மித்ரா படேல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் பயனாக 2000-இல் திடக்கழிவுக்கென்று விதிகள் வந்தன. 2016-இல் வந்த விதிகள் இன்னும் தெளிவாக இருந்தன. மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயகரமான குப்பை என்று மூன்றாகப் பிரித்துக் கொடுப்பது வீட்டுக்காரர் கடமை என்றன அவை. பிரித்ததைக் கலக்காமல் எடுத்துப்போவது உள்ளாட்சியின் கடமை. எத்தனையோ ஊர்களில் இந்த இரண்டாவது பாதி நடப்பதில்லை. அதைத் தட்டிக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஈரக் குப்பையை வீட்டிலேயே மக்க வைப்பவருக்கு அந்தச் சாக்கு தேவைப்படாது. லாரியில் ஏறாத குப்பையை யாரும் எதோடும் கலக்க முடியாது. அரசு மாறட்டும், அடுத்த வீட்டுக்காரர் மாறட்டும் என்று காத்திருக்காமல் நாமே முழுதாகச் செய்து முடிக்கக்கூடிய காரியங்கள் சுற்றுச்சூழல் விஷயத்தில் மிகக் குறைவு. இது அவற்றில் ஒன்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் கேரி பேக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. இருந்தும் கறிவேப்பிலைக்குக்கூட கவர் கேட்டு வாங்குகிறோம். ஏன் என்று கேட்டால், "குப்பை கட்ட வேணுமே" என்பார்கள். கூடையில் ஈரம் இல்லாவிட்டால் கட்டவே கவர் வேண்டாம். மிச்சமிருக்கும் உலர்குப்பை நாறாது. வாரத்துக்கு ஒரு தடவை கொடுத்தால்கூடப் போதும்.

இனி செய்முறை. இருபது லிட்டர் பெயிண்ட் வாளி இரண்டு இருந்தால் போதும். பக்கவாட்டில் சுற்றிலும், அடியில் நாலைந்தும் ஓட்டை போட்டு, செங்கல் மேல் தூக்கி வைத்துக் கீழே ஒரு தட்டு வையுங்கள். அடியில் நாலு விரல் உயரத்துக்குச் சருகு அல்லது தென்னை நார்க்கழிவு. அதன் மேல் அன்றைய காய்கறிக் கழிவு. நறுக்கிப் போட்டால் சீக்கிரம் மக்கும். அது கண்ணுக்குத் தெரியாதபடி மறுபடி சருகு. முதல் தடவை மட்டும் ஒரு கை பழைய எரு போடுங்கள். இல்லாவிட்டால் புளித்த மோரோ சாணிக் கரைசலோ தெளியுங்கள். நுண்ணுயிர்கள் குடியேறிவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் சருகு. நாற்றம் தாங்கவில்லை என்று பாதியில் விட்டவர்களை விசாரித்தால், பெரும்பாலும் சருகு போடாதவர்களாக இருப்பார்கள். காய்கறியில் தண்ணீரும் தழைச்சத்தும் அதிகம், கரிச்சத்து குறைவு. சருகில் நேர்மாறு. நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு தழைச்சத்துக்கு இருபத்தைந்து, முப்பது பங்கு கரிச்சத்து வேண்டும். அது குறைந்தால் மிஞ்சிய தழைச்சத்து அம்மோனியாவாகக் கிளம்பி மூக்கைத் துளைக்கும். தண்ணீர் மிஞ்சினால் காற்று அடைபட்டு அழுகல் வாடை வரும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். ஒன்றிரண்டு சொட்டு கசிந்தால் பதம் சரி. ஒழுகினால் சருகு போட்டுக் கிளறுங்கள்.

பத்து நாள் கழித்து மேலே இருக்கும் சருகை விலக்கினால் இளஞ்சூடு கையில் படும். வாழைத்தோல் கறுத்துத் துவண்டு, அதன் மேல் பஞ்சு இழை போல வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருக்கும். சில வாளிகளில் சாம்பல் நிறத்தில் தட்டையான புழுக்கள் நெளியும். பலர் பயந்து வாளியையே தூக்கி எறிவது இந்தக் கட்டத்தில்தான். அவை குளவி மாதிரித் தோற்றமுள்ள ஒரு கறுப்பு ஈயின் புழுக்கள். வளர்ந்த ஈ கடிக்காது. வீட்டு ஈயைப் போலச் சோற்றில் வந்து மொய்ப்பதும் இல்லை. கோழிக்கும் மீனுக்கும் தீவனமாக இந்தப் புழுக்களையே வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். நம் வாளியில் அவை வேகமாகத் தின்று தீர்த்து வேலையைச் சுருக்குகின்றன. விட்டுவிடுங்கள். வாளி நிறைந்ததும் ஓரமாக வைத்து இரண்டாவதைத் தொடங்கினால், நம் வெயிலுக்கு இரண்டு மாதத்தில் முதல் வாளியில் எது தோல், எது தண்டு என்று தெரியாத கறுப்பு எரு இருக்கும். மாங்கொட்டை மட்டும் அப்படியே கிடக்கும். சலித்து எடுத்து அடுத்த வாளியில் போடுங்கள். எலும்பு, மீன் கழிவு, எண்ணெய்ப் பண்டம் வேண்டாம், எலி வரும். மழைக்காலத்தில் மூடி கட்டாயம்.

சருகுக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். மாசி, பங்குனியில் வேம்பும் புங்கையும் வாதாமரமும் இலை உதிர்க்கும்போது தெருத் தெருவாகக் கூட்டிக் குவித்துத் தீ வைக்கிறார்கள். திறந்த வெளியில் குப்பை எரிப்பதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே தடை செய்து 5,000 ரூபாய் அபராதமும் விதித்திருக்கிறது. அபராதம் கிடக்கட்டும். ஒரு பக்கம் கரிச்சத்தைப் புகையாக்குகிறோம், இன்னொரு பக்கம் தழைச்சத்தைப் பைக்குள் அழுக விடுகிறோம், இரண்டும் ஒரே தெருவில். கோணிச் சாக்குகளில் அமுக்கிக் கட்டி மழை படாத இடத்தில் வைத்துக்கொண்டால் மாதக்கணக்கில் வரும். தீர்ந்துபோனால் தச்சுப் பட்டறையில் மரத்தூள் கிடைக்கும். பிளைவுட் தூள் மட்டும் வேண்டாம், அதில் பசை கலந்திருக்கும்.

பெரிய அடுக்குமாடிகளுக்கு இது விருப்பம் சார்ந்த விஷயமே இல்லை. 5,000 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள குடியிருப்பு வளாகங்கள் மக்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும் என்று 2016 விதிகளே சொல்லியிருந்தன. அதற்காக மெஷின் வாங்கும் சங்கங்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஒரே நாளில் உரம் என்று விற்கப்படுபவற்றில் பல, கழிவைச் சூடாக்கி உலர்த்துவதோடு சரி. வெளியே வருவதை மண்ணில் போட்டுத் தண்ணீர் விட்டால் மறுபடி நாறத் தொடங்கும். அதைவிட, பின்பக்கம் நாலு கம்பிவலைத் தொட்டியும் வளாகத்து மரங்களின் சருகும் மேல். அடுத்த சங்கக் கூட்டத்தில் பார்க்கிங் பேச்சு முடிந்ததும் இதை எடுங்கள். தொட்டிக்கு இடம் கிடைத்துவிடும். தினமும் கிளறிவிடும் தோட்டக்காரருக்கு அந்த வேலைக்கென்று சம்பளத்தைக் கூட்டிக் கொடுப்போமா என்று கேட்டால்தான் கூட்டம் மௌனமாகும். அதை முடிவு செய்யாமல் எழுந்து வராதீர்கள். இருக்கிற வேலையோடு இதையும் அவர் தலையில் கட்டினால் மூன்றாம் மாதமே தொட்டி நாறும், பழியும் அவர் மேல்தான் விழும்.